சி/241 என்றால் என்ன? உலகப் போர்க் கால பிரிட்டிஷ் பீரங்கிப்படைக் குறியீடுகளைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு நாள் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே அவருடைய தாத்தாவின் முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இரண்டு, ஒரு அஞ்சலட்டை, ஒரு புகைப்படம். படத்தில் தாத்தா குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பின்னால் ஊசியிலை மரங்கள். அஞ்சலட்டையின் ஓரத்தில் பென்சிலில் ‘டிரைவர், சி/241, ஆர்.எஃப்.ஏ.’ என்று எழுதியிருந்தது.

“இதை வைத்து அவர் எங்கே இருந்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா?” என்று கேட்டார். முடியும் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் 241 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு 241ஆம் சீஜ் பேட்டரி என்ற முற்றுகைப் பீரங்கிப் பிரிவின் கதையை மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பேட்டரிக்கும் தாத்தாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான் செய்த தப்பு எளிமையானது. பிரிட்டிஷ் பீரங்கிப்படையில் ஒரே எண் பத்து இடங்களில் இருக்கும், ஒரே எழுத்துக்கு நாலு அர்த்தம் இருக்கும். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும்: எந்த ஆண்டு, எந்தக் கிளை, எந்த அடுக்கு. எண் கடைசியில்தான்.

காலாட்படையில் இந்தத் தலைவலி குறைவு. ‘உஸ்டர்ஷயர் ரெஜிமெண்ட்’ என்றால் பெயரே ஊரைச் சொல்லிவிடும். பீரங்கிப்படை முழுவதும் சேர்ந்து ஒரே ரெஜிமெண்ட், ராயல் ரெஜிமெண்ட் ஆஃப் ஆர்டிலரி. 1943இல் அதில் சுமார் 7 லட்சம் பேர் இருந்தார்கள். ‘என் தாத்தா ராயல் ஆர்டிலரி’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது, ‘அவர் சென்னையில் இருந்தார்’ என்று சொல்லி வீட்டைத் தேடுவது மாதிரி.

படி 1: ஆண்டைப் பிடியுங்கள்

மூன்று ஆண்டுகளை மனதில் வைத்தால் போதும்: 1899, 1924, 1938.

1899இல் பீரங்கிப்படை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் குதிரைகள் இழுக்கும் பீரங்கிகளோடு களத்தில் நகரும் ராயல் ஃபீல்டு ஆர்டிலரியும் (ஆர்.எஃப்.ஏ.) ராயல் ஹார்ஸ் ஆர்டிலரியும் (ஆர்.எச்.ஏ.). மறுபக்கம் கோட்டை, கடற்கரை, மலை, முற்றுகை என்று கனரகப் பீரங்கிகளைப் பார்த்துக்கொண்ட ராயல் கேரிசன் ஆர்டிலரி (ஆர்.ஜி.ஏ.). 1924இல் எல்லாம் மறுபடி ஒன்றாகி ‘ஆர்.ஏ.’ ஆயின. ஆகவே ஒரு சிப்பாயின் பெயருக்குப் பின்னால் ஆர்.எஃப்.ஏ. அல்லது ஆர்.ஜி.ஏ. என்று இருந்தால் காகிதம் 1924க்கு முந்தைய சேவையைப் பேசுகிறது.

1938தான் பெரிய பொறி. அதுவரை லெப்டினன்ட் கர்னல் ஒருவரின் கீழ் இருந்த சில பேட்டரிகளின் தொகுப்புக்குப் பெயர் ‘பிரிகேட்’. 1938இல் அதே தொகுப்பு ‘ரெஜிமெண்ட்’ என்று பெயர் மாறியது. முதல் போரின் காகிதத்தில் பிரிகேட் என்று பார்த்ததும் நாலாயிரம் பேர் கொண்ட காலாட்படை பிரிகேடைக் கற்பனை செய்யாதீர்கள். பீரங்கி பிரிகேட் அதைவிட மிகச் சிறியது.

படி 2: அடுக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் போரின் ஆர்.எஃப்.ஏ.வில் சிப்பாய்க்கு வீடு மாதிரி இருந்தது பேட்டரி. ஒரு மேஜர், சுமார் 200 ஆட்கள், கிட்டத்தட்ட அதே அளவு குதிரைகள், பிரிட்டனிலிருந்து முதலில் போன படைகளில் ஆறு 18-பவுண்டர் (18 பவுண்டு எடைக் குண்டு சுடும்) பீரங்கிகள். மூன்று நான்கு பேட்டரிகள் சேர்ந்தால் பிரிகேட். பிரிகேட்கள் சில சேர்ந்து ஒரு டிவிஷனுக்கு (பல காலாட்படை பிரிகேட்கள் கொண்ட பெரும்படை) பீரங்கி பலம் கொடுத்தன. 1914இல் களம் போன ஒரு காலாட்படை டிவிஷனிடம் மொத்தம் 76 பீரங்கிகள்: 54 18-பவுண்டர்கள், 18 ஹோவிட்சர்கள் (குண்டை உயர வளைத்துச் சுடும் பீரங்கிகள்), 4 கனரக 60-பவுண்டர்கள்.

குறியீட்டில் இந்த அடுக்கு அப்படியே தெரியும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பேட்டரி, பின்னால் இருப்பது பிரிகேட். அதாவது சி/241 என்றால் 241ஆம் பிரிகேடின் சி பேட்டரி. சிலர் சாய்கோட்டுக்குப் பதில் புள்ளி வைப்பார்கள், அர்த்தம் ஒன்றுதான். சீஜ் பேட்டரிகள் ஆர்.ஜி.ஏ.வைச் சேர்ந்தவை, அவற்றுக்கு எண் மட்டுமே உண்டு, முன்னால் எழுத்து வராது. ‘சி’ என்ற எழுத்தையும் ஆர்.எஃப்.ஏ.வில் உள்ள ‘எஃப்’ என்ற எழுத்தையும் ஒழுங்காகப் பார்த்திருந்தால் என் மூன்று வார இறுதிகள் தப்பித்திருக்கும்.

1916க்குப் பிறகு பெரும்பாலான பிரிகேட்களில் ஏ, பி, சி மூன்றும் 18-பவுண்டர் பேட்டரிகள், டி மட்டும் 4.5 அங்குல ஹோவிட்சர். முழு நேர ராணுவத்தின் பழைய பேட்டரிகள் எழுத்துக்கு மாறாமல் தங்கள் எண்ணையே வைத்துக்கொண்டன. அதனால் ‘52 பேட்டரி, 15ஆம் பிரிகேட்’ என்று எழுதியிருந்தால் அது பழைய வழக்கம், தப்பு இல்லை.

படி 3: ரோமன் எண்ணா, எழுத்தா?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஆர்.எஃப்.ஏ. பிரிகேட் எண்கள் அதிகாரபூர்வக் காகிதங்களில் ரோமன் எண்ணில் வரும். 241 என்பது ‘சி-சி-எக்ஸ்-எல்-ஐ’ என்று நீளும். 64 என்பது ‘எல்-எக்ஸ்-ஐ-வி’. தட்டச்சு மங்கிய பக்கத்தில் எல் எழுத்தும் ஐ எழுத்தும் ஒன்று போலத் தெரியும், அப்போது 140 சட்டென்று 111 ஆகிவிடும்.

எல் என்ற ஒற்றை எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘எல் பேட்டரி, ஆர்.எச்.ஏ.’ என்றால் 1914 செப்டம்பர் 1ஆம் தேதி பிரான்சில் நேரி கிராமத்தில் மூன்று விக்டோரியா கிராஸ் (பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கம்) வாங்கிய புகழ்பெற்ற பேட்டரி. ஹார்ஸ் ஆர்டிலரி பேட்டரிகளுக்கு எண் கிடையாது, எழுத்துதான் பெயர்.

‘எல் பிரிகேட், ஆர்.எஃப்.ஏ.’ என்றால் ரோமன் எண் 50. ஒன்பதாவது ஸ்காட்டிஷ் டிவிஷனின் பிரிகேட்களில் ஒன்று.

சிப்பாயின் எண்ணுக்கு முன்னால் ‘எல்/’ என்று இருந்தால், போர் தொடங்கிய பிறகு ஏதோ ஓர் ஊர் தன் செலவிலும் முயற்சியிலும் திரட்டிய புதுப் பிரிகேடில் சேர்ந்தவர் என்று பொருள். அது அவருடைய எண்ணின் பகுதி மட்டுமே, எந்தப் பேட்டரியில் இருந்தார் என்பதைச் சொல்லாது.

எல் எழுத்தைப் பார்த்ததும் தாத்தாவை நேரிக்கு அனுப்பி வைத்த குடும்பங்கள் நிறைய உண்டு. ஆசை யாரை விட்டது! சி எழுத்தும் இப்படித்தான்: ‘சி பேட்டரி’ வேறு, 22ஆவது டிவிஷனின் ‘சி பிரிகேட்’ வேறு. பின்னது 100ஆம் பிரிகேட்.

அப்புறம் எக்ஸ், ஒய், இசட், வி. இவை டிவிஷன் எண்ணோடு சேர்ந்து ‘எக்ஸ்/29’ மாதிரி வந்தால் அது அகழி மோர்ட்டார் (அகழியிலிருந்து குண்டை மேல்நோக்கி வீசும் குறுங்குழல்) பேட்டரி. எக்ஸ், ஒய், இசட் நடுத்தர ரகம், வி கனரகம். சாய்கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 29 இங்கே டிவிஷன் எண், பிரிகேட் எண் அல்ல. இலகு ரக மோர்ட்டார்கள் பீரங்கிப்படைக்குச் சேர்ந்தவையே அல்ல, காலாட்படை ஆட்கள் இயக்கினார்கள்.

படி 4: பகுதி நேரப் படையின் பெயர் மாற்றம்

டெரிட்டோரியல் ஃபோர்ஸ் எனப்படும் பகுதி நேரப் படையின் பிரிகேட்கள் முதலில் ஊர்ப் பெயரோடு இருந்தன. 1914இல் அவை இரட்டிப்பானதால் 1/2, 2/2 என்று பின்னம் போன்ற எண்கள் வந்தன. முதல் இலக்கம் வரிசை, இரண்டாவது இலக்கம் பழைய எண். 1/2 சௌத் மிட்லண்ட் என்றால் இரண்டாம் சௌத் மிட்லண்ட் பிரிகேடின் முதல் வரிசை, அதாவது முதலில் களம் போனது. 2/2 அதற்குப் பிறகு திரட்டப்பட்டது.

1916 மே மாதவாக்கில் இந்த ஊர்ப் பெயர்கள் எடுக்கப்பட்டு எண்கள் கொடுக்கப்பட்டன. உஸ்டர்ஷயரில் திரட்டப்பட்ட 1/2 சௌத் மிட்லண்ட் பிரிகேட்தான் 241ஆம் பிரிகேட் ஆனது. அதாவது பிஸ்கட் டப்பா தாத்தாவின் பிரிகேட் இருந்தது 48ஆவது டிவிஷனில். 1915 காகிதத்தில் ஒரு பெயரும் 1917 காகிதத்தில் ஓர் எண்ணும் இருந்தால் அவர் படை மாறிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆள் அங்கேயே இருந்திருப்பார், பலகை மட்டும் மாறியிருக்கும்.

1917 தொடக்கத்தில் இன்னொரு கலக்கல். பல டிவிஷன்களிலிருந்து ஒரு பிரிகேடைக் கழற்றி ‘ஆர்மி ஃபீல்டு ஆர்டிலரி’ பிரிகேட் ஆக்கினார்கள். தேவைப்பட்ட இடத்துக்கெல்லாம் இவை அனுப்பப்பட்டன. உங்கள் பிரிகேட் இந்த ரகம் என்றால் டிவிஷன் வரலாற்றைப் பிடித்துக்கொண்டு போவது வீண் வேலை, அந்தப் பிரிகேடின் போர் நாட்குறிப்பும் டிவிஷன் கட்டில் இருக்காது. அதே சமயம் பகுதி நேரப் படையினருக்கு ஆறு இலக்க எண்களும் புதிதாகத் தரப்பட்டன. ஒரே ஆளுக்கு இரண்டு எண் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

படி 5: ஆர்.ஜி.ஏ.

இது எளிது. ‘சீஜ் பேட்டரி’ பெரிய ஹோவிட்சர்கள், ‘ஹெவி பேட்டரி’ 60-பவுண்டர்கள், இரண்டுக்கும் தனித்தனி எண் வரிசை. இவை அடிக்கடி ‘ஹெவி ஆர்டிலரி குரூப்’ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும், அதனால் தேதியோடு சேர்த்துத் தேட வேண்டும்.

பெயரை மட்டும் பார்த்துச் ‘சிலோன் கேரிசன் ஆர்டிலரி’யை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இலங்கையின் சொந்தத் தொண்டர் படை. 1942 மே மாதம் கோகோஸ் தீவில் கலகம் செய்தவர்கள் அதைச் சேர்ந்தவர்கள்.

படி 6: இரண்டாம் போரின் ரெஜிமெண்ட்கள்

1938க்குப் பிறகு ரோமன் எண்கள் ஒழிந்தன, வேலையின் பெயர் எண்ணோடு ஒட்டிக்கொண்டது. இது நமக்கு லாபம். ‘ஃபீல்டு ரெஜிமெண்ட்’ என்றால் 25-பவுண்டர்கள். தொடக்கத்தில் 12 பீரங்கிகள் கொண்ட இரண்டு பேட்டரிகள், பிறகு எட்டு எட்டாக மூன்று பேட்டரிகள், எப்படிக் கூட்டினாலும் 24. ‘மீடியம்’ என்றால் அதைவிடக் கனமான ரகம். ‘ஏ/டி.கே.’ டாங்கி எதிர்ப்பு. ‘எல்.ஏ.ஏ.’ இலகு ரக விமான எதிர்ப்பு, பெரும்பாலும் போஃபர்ஸ். ‘எச்.ஏ.ஏ.’ கனரக விமான எதிர்ப்பு, 3.7 அங்குலம். ‘எஸ்.எல்.’ என்றால் தேடொளி விளக்கு. இந்த வேலைப் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் குறித்து வைத்தால் பிற்பாடு தவிப்பீர்கள். 42ஆவது ஃபீல்டு ரெஜிமெண்டும் 42ஆவது தேடொளி ரெஜிமெண்டும் வேறு வேறு.

பேட்டரி எண் ரெஜிமெண்ட் எண்ணிலிருந்து வருவதில்லை, அதற்குத் தனி வரிசை. ‘342/86’ என்றால் 86ஆவது ஃபீல்டு ரெஜிமெண்டின் 342ஆம் பேட்டரி. ரெஜிமெண்ட் எண்ணுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் ஊர்ப் பெயரை அலங்காரம் என்று தள்ளாதீர்கள். 86இன் பக்கத்தில் இருந்தது ‘ஹார்ட்ஃபோர்ட்ஷயர் யோமன்ரி’. ஒரு காலத்தில் குதிரைப்படையாக இருந்து பீரங்கிக்கு மாறியவர்கள். 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் கோல்டு கடற்கரையில் இறங்கியவர்கள்.

1939 வசந்தத்தில் பகுதி நேரப் படையை அரசு இரட்டிப்பாக்கியது. பல ரெஜிமெண்ட்கள் தங்களைப் போலவே இன்னொன்றைப் பெற்றெடுத்தன. 88ஆவது ஃபீல்டு ரெஜிமெண்டுக்கு இப்படிப் பிறந்ததுதான் 137ஆவது. இரண்டும் வெஸ்ட் லங்காஷயர் ஆட்கள், இரண்டும் மலாயா போய் 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் சரணடைந்தன. அண்ணன் தம்பி கதை ஒன்று போலவே இருப்பதால், அந்த ஊர்க்காரர் என்றதும் அவசரமாக ஒன்றில் போட்டுவிடக் கூடாது.

தேடொளி விளக்குகளில் ஒரு விசேஷம் இருக்கிறது. 1940 ஆகஸ்டு வரை அவற்றில் பல ராயல் இன்ஜினியர்ஸிடம் இருந்தன, பிறகு மொத்தமாக ராயல் ஆர்டிலரிக்கு வந்தன. நாட்டிங்ஹாமின் ‘ராபின் ஹுட்ஸ்’ முதலில் காலாட்படை பட்டாலியன். 1936இல் இன்ஜினியர்ஸின் 42ஆவது விமான எதிர்ப்பு பட்டாலியன். 1940இல் ஆர்டிலரியின் 42ஆவது தேடொளி ரெஜிமெண்ட். ஒரே ஊர், ஒரே ஆட்கள், மூன்று தொப்பி வில்லைகள்.

இந்த மாதிரி ஆட்களைக் காட்டிக்கொடுப்பது சேவை எண். 1920க்குப் பிறகு ஒவ்வொரு படைக்கும் எண் தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. ராயல் ஆர்டிலரிக்கு 721001 முதல் 1842000 வரை. அதற்கு அடுத்த எண்ணிலிருந்து ராயல் இன்ஜினியர்ஸ். படை மாறினாலும் எண் மாறாது. ஆகவே ‘ஆர்.ஏ.’ ஆளுக்கு 19 லட்சத்தில் எண் இருந்தால், அவர் முதலில் இன்ஜினியர்ஸில் சேர்ந்தவர். 142 என்று தொடங்கும் எட்டு இலக்க எண் என்றால் 1942இலோ அதற்குப் பிறகோ ‘ஜெனரல் சர்வீஸ் கோர்’ என்ற பொதுப் படையில் சேர்ந்து, பயிற்சிக்குப் பின் பீரங்கிக்குப் போனவர்.

பாட்டிகளையும் மறக்கக் கூடாது. ‘(எம்) எச்.ஏ.ஏ.’ என்பதில் உள்ள எம், கலப்புப் பேட்டரியைக் குறிக்கும். ஏ.டி.எஸ். எனப்படும் பெண்கள் படையினர் அங்கே தொலைவு கணித்தார்கள், கருவிகளை இயக்கினார்கள். சுடுவது மட்டும் ஆண்கள். பிரதமர் சர்ச்சிலின் மகள் மேரி ஹைட் பார்க்கில் இப்படி ஒரு பேட்டரியில் இருந்தார். பாட்டியின் காகிதத்தில் பீரங்கிப் பேட்டரி எண் இருந்தால் அது எழுத்தர் பிழை இல்லை.

படி 7: எண்ணே இல்லை என்றால்

முதல் போரின் பதக்க அட்டையும் பதக்கத்தின் விளிம்பும் பெரும்பாலும் ‘ஆர்.எஃப்.ஏ.’ என்பதோடு நின்றுவிடும். இரண்டாம் போரில் பிரிட்டன் கொடுத்த போர்ச் சேவைப் பதக்கங்களில் பெயர்கூடக் கிடையாது. சேவைப் பதிவேடுகளைத் தேடலாம், ஆனால் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் முதல் போர்ப் பதிவேடுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. மிஞ்சியவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 363 என்ற ஆவணத் தொடரில் இருக்கின்றன. ஓரம் கருகிய தாள்களாகவே பலவற்றைப் பார்ப்பீர்கள்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது 1918இன் ‘வெளியூர் வாக்காளர் பட்டியல்’. போரில் இருந்தவர்கள் தபாலில் வாக்களிக்க வசதியாக எண், பதவி, படைப்பிரிவு மூன்றையும் அதில் பல ஊர்களில் குறித்திருக்கிறார்கள். வீட்டு முகவரி தெரிந்தால் போதும். வீரப் பதக்கம் வாங்கியவர் என்றால் லண்டன் கெஜட் என்ற அரசிதழில் பேட்டரிவரை இருக்கலாம்.

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவைப் பாருங்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நின்றால் பீரங்கிச் சின்னம் பொறித்த கற்களைப் பார்க்கலாம். கல்லில் ‘ராயல் ஆர்டிலரி’ என்பதோடு முடிந்துவிடும். ரெஜிமெண்ட் எண் பெரும்பாலும் இணையப் பதிவில்தான் இருக்கும்.

சேவைத் தாளே கிடைத்துவிட்டால் ‘டி.ஓ.எஸ்.’, ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற எழுத்துகளைத் தேடுங்கள். முன்னது ஒரு பிரிவின் கணக்கில் சேர்த்தது, பின்னது கணக்கிலிருந்து நீக்கியது. ‘ரிசர்வ்’, ‘டிப்போ’, ‘டிரெய்னிங்’ என்ற சொற்களோடு வரும் எண்கள் எல்லாம் பயிற்சி இடங்கள், போர்க்களம் இல்லை.

புகைப்படமும் பேசும். தோளில் குறுக்காகத் தோல் தோட்டாப்பட்டை, காலில் குதிமுள் இருந்தால் குதிரையோடு வேலை செய்தவர். பீரங்கியை ஆறு குதிரைகள் மூன்று ஜோடிகளாக இழுக்கும், ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கக் குதிரை மேல் ஒரு டிரைவர் உட்காருவார். ஜோடிக் குதிரைகளுக்கு நடுவே இருக்கும் கம்பு இடிக்காமல் இருக்க வலது காலில் மட்டும் கனமான காப்பு கட்டியிருப்பார். அந்தக் காப்பு படத்தில் தெரிந்தால் ‘டிரைவர்’ என்று அடித்துச் சொல்லலாம். தொப்பியில் பீரங்கிச் சின்னத்தின் மேல் ‘எங்கும்’ என்று பொருள்படும் ‘உபிக்வே’ என்ற லத்தீன் சொல்லுக்குப் பதில் இலைக்கொத்து இருந்தால் பகுதி நேரப் படை.

படி 8: நாட்குறிப்பு

எண் உறுதியான பிறகு போர் நாட்குறிப்பு. முதல் போருக்கு டபிள்யூ.ஓ. 95. ஆர்.எஃப்.ஏ.வில் இதை எழுதியது பிரிகேட், பேட்டரி அல்ல. ஆகவே சி/241 என்று தேடினால் எதுவும் வராது, 241 பிரிகேட் என்று தேட வேண்டும். இரண்டாம் போருக்குக் களத்தைப் பொறுத்துத் தொடர் மாறும்: 1940 பிரான்சுக்கு 167, மத்திய கிழக்குக்கு 169, நார்மண்டி தொடங்கி வடமேற்கு ஐரோப்பாவுக்கு 171, பர்மா, மலாயா பக்கம் 172. ஒரே ரெஜிமெண்ட் நாடு மாறினால் நாட்குறிப்பும் தொடர் மாறும்.

சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதிகாரிகளுக்குத்தான் பெயர், மற்றவர்கள் ‘இரண்டு பேர் காயம்’ என்று போய்விடுவார்கள். ஆனால் தேதியும் இடமும் துல்லியமாக இருக்கும்.

241இன் நாட்குறிப்பை நான் திறந்தபோது பிரான்ஸ் கட்டு 1917 இலையுதிர் காலத்தோடு நின்றுவிட்டது. தாள்கள் தொலைந்துவிட்டன என்று நினைத்தேன். 48ஆவது டிவிஷன் அந்த நவம்பரில் இத்தாலி போய்விட்டது, மீதிக் கதை இத்தாலிக்கான தனிக் கட்டில் இருந்தது. 1918 கோடையில் அவர்கள் அசியாகோ பீடபூமியில் இருந்தார்கள். பெரியவரிடம் மறுபடி அந்தப் புகைப்படத்தைக் கேட்டு வாங்கினேன். குதிரைக்குப் பின்னால் நிற்கும் ஊசியிலை மரங்களைப் பார்த்து, “இது பிரான்ஸ் என்றுதானே இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம்” என்றார்.